சாட்சிக் கூண்டில் மகள், பக்கத்தில் யார்?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்வந்தாள். சென்ற ஆடி மாதம், அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் ஸ்டோர் ரூமில் வைத்து அவளிடம் தவறாக நடந்துகொண்டார். வீட்டுக்கு வந்து சைகையில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். ‘இவள் காட்டுவது எங்களுக்குப் புரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்’ என்றார்கள். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பிறகு மாஜிஸ்திரேட் முன்பும் நானே பக்கத்தில் நின்று அவளுடைய சைகைகளைச் சொன்னேன். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அடுத்த மாதம் சாட்சி சொல்ல வரும்படி எங்கள் இருவருக்கும் சம்மன் வந்திருக்கிறது. ‘வாய் பேசாத பெண்ணின் சாட்சி கோர்ட்டில் செல்லாது, பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்’ என்று எதிர்த்தரப்பினர் சொல்லி அனுப்புகிறார்கள். என் மகளின் சாட்சி செல்லுமா? கோர்ட்டிலும் அவளுக்காக நானே சொல்லலாமா? தனியாக வக்கீல் வைக்க எங்களுக்கு வசதி இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் அச்சில் வரக்கூடாது என்பதால், கடிதத்தில் இருந்த ஊர், நிறுவனம், பள்ளி ஆகியவற்றின் பெயர்களை நீக்கிவிட்டேன். நீங்கள் கேட்டவற்றுக்கு விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் மகளின் சாட்சியம் செல்லும். வாய் பேசுகிற எவருடைய சாட்சியத்துக்கும் அது ஒரு படி கூடக் குறைந்ததில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவருக்காக நீங்கள் பேசக்கூடாது. இந்த இரண்டாவது விடை உங்களுக்கு வருத்தம் தரும் என்பதை அறிவேன். இத்தனை ஆண்டுகளாக அவருடைய கைகள் சொன்னதைப் பேருந்து நடத்துநர் முதல் மருத்துவர் வரை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி வந்தவர் நீங்கள்தான். இருந்தும், இந்த ஓர் இடத்தில் நீங்கள் சற்று விலகி நிற்பதுதான் அவருடைய வழக்கைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

‘சாட்சி செல்லாது’ என்று சொல்லி அனுப்புகிறவர்களின் பேச்சை முதலில் முடித்துவிடலாம். நம் நாட்டின் சாட்சியச் சட்டம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், 1872இல் எழுதப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டமே, பேச இயலாத ஒருவர் எழுத்தாலோ சைகையாலோ திறந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்றும், அப்படிச் சொல்வது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்றும் கூறியது. 2013இல் செய்யப்பட்ட திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: அப்படிப்பட்ட சாட்சியை விசாரிக்கும்போது நீதிமன்றம் ஒரு மொழிபெயர்ப்பாளரின் அல்லது சிறப்புக் கல்வியாளரின் (மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரின்) உதவியைப் பெற்றாக வேண்டும், விசாரணை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். அந்த ஏற்பாடுதான் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 125ஆம் பிரிவாக இன்று நிற்கிறது. ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியானவரா என்பதற்கு அதே சட்டத்தின் 124ஆம் பிரிவு வைக்கும் அளவுகோல் மிக எளியது: கேட்கும் கேள்வி அவருக்குப் புரிகிறதா, அதற்குப் பொருத்தமான விடையைத் தர அவரால் முடிகிறதா. காது கேட்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்ற பட்டான் ஜமால் வலி வழக்கில், பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர், தன்னிடம் வன்முறை செய்தவரை அவருடைய குரலைக் கொண்டு அடையாளம் காட்டியிருந்தார். கண்ணால் பார்க்காதவர் எப்படி அடையாளம் சொல்ல முடியும் என்ற வாதத்தை 2021 ஏப்ரலில் நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா ஆகியோரின் அமர்வு ஏற்கவில்லை. மாற்றுத்திறனாளியான ஒரு பெண் உலகத்தோடு வேறு வழியில் தொடர்புகொள்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய சாட்சியத்தை வலுவற்றது என்று கருத முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்களிடம் யாராவது மறுபடியும் ‘செல்லாது’ என்று வந்தால், இந்தத் தீர்ப்பின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் போதும்.

இனி, நீங்கள் ஏன் பேசக்கூடாது என்பதற்கு வருகிறேன். ராஜஸ்தானிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று 2012இல் தீர்ப்பான ஒரு கொலை வழக்கில், காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண்தான் நேரில் பார்த்த சாட்சி. அவருடைய சைகைகளுக்கு அவருடைய தந்தையே பொருள் சொன்னார். அந்தத் தந்தைக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கப்படவில்லை. அவர் புலன்விசாரணையிலும் வழக்கிலும் ஈடுபாடு கொண்டவராகவும் இருந்தார். அந்தப் பெண் தகுதியற்ற சாட்சி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடைய சொல்தானா, தந்தையின் சொல்லா என்று பிரித்தறிய முடியாமல் போனது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானது உறுதி செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழலை அறிந்தவராக இருக்கலாம், ஆனால் வழக்கில் அவருக்கு எந்த அக்கறையும் இருக்கக்கூடாது, அவர் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும், சாட்சி காட்டிய சைகைகளே பதிவாக வேண்டும், அவற்றின் பொருள் மட்டும் பதிவானால் போதாது என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான் என்று நான் எண்ணுகிறேன்.

போதாததற்கு, நீங்களே புகார் கொடுத்தவர்; உங்களுக்கும் சம்மன் வந்திருக்கிறது. ஒரே வழக்கில் ஒருவர் தாமும் சாட்சியாக இருந்துகொண்டு இன்னொரு சாட்சியின் வாயாகவும் இருப்பதை எந்த நீதிபதியும் மனம் ஒப்பி ஏற்க மாட்டார். தாய் மகளுக்காகப் பொய் சொல்வார் என்பது இதன் பொருளாகாது. மகள் பாதி காட்டியதுமே மீதியைப் புரிந்துகொண்டு நிறைவு செய்து சொல்வது எந்தத் தாய்க்கும் இயல்பு. வீட்டில் அன்பாக இருப்பது கூண்டில் ஓட்டையாகிவிடுகிறது.

அப்படியானால் இதுவரை நடந்தது என்ன ஆகும் என்று நீங்கள் கலங்குவீர்கள். தவறு உங்களுடையதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றத்துக்கு ஆளானவர் உடலாலோ மனத்தாலோ மாற்றுத்திறனாளியாக இருந்தால், காவல் துறையினர் அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் வேறு வசதியான இடத்திலோ வைத்து, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில், வீடியோ பதிவுடன் தகவலைப் பெற வேண்டும். அதன் பிறகு, கூடிய விரைவில் 183ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் முன்பு அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்விக்க வேண்டும்; அங்கேயும் அதே உதவி கட்டாயம். ‘புரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்’ என்று உங்களிடம் சொன்ன அந்த நேரத்தில் சட்டப்படி அவர்கள் செய்திருக்க வேண்டியது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான்.

இருப்பினும், உங்கள் வாய்மொழியில் பதிவான முதல் தகவல் அறிக்கை வழக்கைத் தொடங்கி வைக்கப் போதுமானது. குற்றம் நடந்ததாக யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். சிக்கல் அந்த மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தில்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளியின் வாக்குமூலம் 183ஆம் பிரிவின்படி பதிவானால், விசாரணையின்போது அதையே அவருடைய முதல் விசாரணையாக (அவரை அழைத்த தரப்பின் வழக்கறிஞர் முதலில் கேட்டுப் பதிவு செய்வதாக) எடுத்துக்கொண்டு நேரே குறுக்கு விசாரணைக்குச் செல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒருவர் தமக்கு நேர்ந்ததை ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லி நோக வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உங்கள் மகளின் விஷயத்தில் அந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நீங்கள் பொருள் சொல்லிப் பதிவான அந்த வாக்குமூலத்தை அடித்தளமாக வைத்துக் கட்டினால், மேலே எழுப்புவதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். தகுதியான மொழிபெயர்ப்பாளரை வைத்து, அவருடைய முதல் விசாரணையை நீதிமன்றத்திலேயே புதிதாக நடத்தும்படி அரசு வழக்கறிஞர் மனுச் செய்ய வேண்டும். ஒருமுறை கூடுதலாகச் சொல்ல நேர்வது அவருக்குக் கடினம்தான். ஆனால் அந்த ஒரு முறை அது முழுக்க அவருடைய சொல்லாக இருக்கும்.

இங்கே எழுத்தா சைகையா என்ற கேள்வி எழும். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்தானே, கேள்வியை எழுதிக் காட்டுவோம், விடையை எழுதித் தரட்டும் என்று சொல்லக்கூடும். நான் மேலே சொன்ன 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பும், எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் எழுத்து வழியே கேட்பது மிகவும் விரும்பத்தக்கது என்றுதான் சொல்கிறது. இந்த ஓரிடத்தில் எனக்கு அந்தத் தீர்ப்போடு உடன்பாடில்லை. காது கேளாத பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து என்பது காதால் கேட்டுப் பழகாத ஒரு மொழி. நமக்கு முலைப்பாலோடு வந்துவிடுகிற வேற்றுமை உருபுகள் அவர்களில் பலருடைய எழுத்தில் வருவதில்லை. ‘நான் சூப்பர்வைசர் கை பிடி’ என்று ஒரு பெண் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் என் கையைப் பிடித்தார் என்பதா, நான் சூப்பர்வைசரின் கையைப் பிடித்தேன் என்பதா? ஓர் ‘இன்’னும் ஒரு வினைமுற்றும் இல்லாததால், பாதிக்கப்பட்டவரே குற்றம் செய்தவராகப் படிக்கப்படும் நிலை வந்துவிடும். சைகை மொழியிலோ இந்தக் குழப்பமே எழாது. யாரிடமிருந்து யாரை நோக்கிக் கை நகர்கிறது என்பதிலேயே எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவாகிவிடும்.

ஆகவே, சைகை மொழியில்தான் சாட்சி சொல்வேன் என்று உங்கள் மகள் விரும்பினால், அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு எழுத்தையும் சைகையையும் சமமாகவே வைக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 12ஆம் பிரிவு இன்னும் தெளிவானது: மாற்றுத்திறனாளிகள் தாங்கள் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் அளிக்கும் சாட்சியத்தைப் பதிவு செய்வதற்குத் தேவையான வசதிகளை அரசு செய்து தர வேண்டும் என்கிறது. ‘விரும்பும்’ என்ற சொல்லை மனுவில் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

யாரை மொழிபெயர்ப்பாளராகக் கேட்பது? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியச் சைகை மொழியில் பயிற்சி பெற்ற ஒருவர் வெளியூரிலிருந்து வந்தால், அவருக்கு மொழி நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் மகள் வீட்டிலும் பள்ளி விடுதியிலும் பழகிய கைக்குறிகள் அவருக்குத் தெரியாமல் போகலாம். பெயர்களுக்கு, கம்பெனியின் அறைகளுக்கு, உறவுகளுக்கு என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு வீட்டிலும் தனிக் குறிகள் உண்டு. உங்கள் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த சிறப்பு ஆசிரியர் ஒருவர் இப்போதும் பணியில் இருந்தால், அவர் மிகப் பொருத்தமானவர் என்பேன்: சூழலை அறிந்தவர், வழக்கில் அக்கறை இல்லாதவர். முடிந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையும் ஆசிரியரையும் சேர்த்தே கேளுங்கள். ஒருவர் தவறவிடுவதை மற்றவர் பிடிப்பார். இருவரும் விசாரணை நாளுக்கு முன்னதாக, நீதிமன்றத்தின் அனுமதியோடு, வழக்கைப் பற்றி எதுவும் பேசாமல் உங்கள் மகளுடன் சற்று நேரம் பழகட்டும். சமையலைப் பற்றியும் ஊர்த் திருவிழாவைப் பற்றியும் பேசினாலே ஒருவர் குறிகள் மற்றவருக்குப் பிடிபட்டுவிடும். விசாரணையன்று இருவரும் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் சாட்சிகளோடு மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்த்தே சொல்கிறது. இவர்களை ஏற்பாடு செய்வது நீதிமன்றத்தின் கடமை. செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நீதிமன்றத்தில் நான் வேறொரு வழக்குக்காகக் காத்திருந்தபோது கண்ட காட்சி இன்னும் மறக்கவில்லை. காது கேளாத ஒரு இளைஞரிடம் குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் நீளமாக ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரை அந்த இளைஞர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ‘ஆமாம் என்கிறார்’ என்று பதிவாயிற்று. உண்மையில் அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு அந்தத் தலையாட்டல் அடையாளம். நாம் தொலைபேசியில் ‘ம்’ கொட்டுவதில்லையா, அதுபோல. அங்கே அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து இத்தகைய வழக்குகளில் நான் தரும் மனுவில், தலையாட்டலை விடையாகப் பதிவு செய்யக்கூடாது, கையால் காட்டும் விடையையே பதிவு செய்ய வேண்டும் என்ற ஒரு வரியைத் தவறாமல் சேர்க்கிறேன். உங்கள் மனுவிலும் அந்த வரி இருக்கட்டும்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். ‘நீ அன்றைக்கு ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை அல்லவா?’ என்பது போன்ற எதிர்மறைக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் இரு பொருள் வரும். வாய் பேசுகிறவர்களே அதில் தடுமாறுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும், சிறிய நேர்க் கேள்வியாகக் கேட்கும்படி நீதிபதி அறிவுறுத்தலாம். இழிவுபடுத்தும் கேள்விகளையும் புண்படுத்துவதற்காகவே கேட்கப்படும் கேள்விகளையும் தடுக்க அவருக்குச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. அவ்வப்போது இடைவேளையும் கேளுங்கள். கண்ணாலேயே கேட்டுக் கையாலேயே பேசுகிறவருக்கு அரை மணி நேரத்தில் சோர்வு வந்துவிடும்.

உங்கள் மகளின் சாட்சியத்தைப் பொதுக் கூடத்தில் பதிவு செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. 2022 ஜனவரியில் ஸ்மிருதி துக்காராம் படாடே எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் என்ற வகைக்குள் பேச்சு, செவித்திறன் குறைபாடு உடையவர்களையும் மற்ற மாற்றுத்திறனாளிகளையும் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. அவர்களுக்கென மாவட்டந்தோறும் தனிச் சாட்சியப் பதிவு மையம் ஒன்றாவது அமைய வேண்டும் என்றும் உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்கேயே பதிவு செய்யும்படி கேளுங்கள். எதிரி கண்ணில் படாதபடி ஒரு திரை போடுவார்கள். அந்தத் திரை எதிரியை மறைக்கட்டும், மொழிபெயர்ப்பாளரை மறைத்துவிடக் கூடாது. கேமராவில் உங்கள் மகளின் முகமும் இரு கைகளும், மொழிபெயர்ப்பாளரின் கைகளும் ஒருசேரத் தெரிய வேண்டும். சைகையே பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, முகத்தை மட்டும் காட்டும் வீடியோ, ஒலி இல்லாத ஒலிநாடாவுக்குச் சமம்.

குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74 (மானபங்க நோக்கத்தோடு தாக்குதல்), 75 (பாலியல் தொல்லை) ஆகிய பிரிவுகள் இருக்கக்கூடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் அது விடுபட்டுப் போகிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு அவரிடம் பலவந்தம் காட்டுவதும், அவரைத் தன் விருப்பத்துக்கு இணங்க வைக்கக்கூடிய நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்வதும் அந்தப் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் சூப்பர்வைசர் கையில் இருக்கும் இடத்தில் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது என் எண்ணம். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதால் வாய்ப்புப் போய்விடவில்லை. தீர்ப்பு சொல்லும்வரை எந்த நேரத்திலும் குற்றச்சாட்டைத் திருத்தவோ சேர்க்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ்வரும் குற்றங்களை விசாரிக்க அமர்வு நீதிமன்றங்களே சிறப்பு நீதிமன்றங்களாக அறிவிக்கப்படுவதால், பிரிவைச் சேர்த்தால் வழக்கு இடம் மாறும், சற்றுத் தாமதமும் ஆகும். அதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் சம்மனையும் எடுத்துச் சென்று விண்ணப்பம் கொடுங்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். காது கேளாதவரும் பயன்படுத்த வேண்டிய உதவிக்கு ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்திருப்பதன் முரணை அவர்கள் எப்போது உணர்வார்களோ தெரியவில்லை. அழைப்பதை நீங்கள் செய்யுங்கள், இந்த வேலையை அவருக்காக நீங்கள் தாராளமாகச் செய்யலாம். வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர்தான். ஆனால் நீதிமன்ற அனுமதியோடு உங்கள் தரப்பு வழக்கறிஞர் அவருக்கு உதவியாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தால் குற்றப்பத்திரிகை ஆவணங்களின் நகல் அவருக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்பு எடுத்த வீடியோ உண்மையிலேயே இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பணம் தருகிறோம் என்று வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 74ஆம் பிரிவுக் குற்றம், இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. யார் எப்போது வந்தார், என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிரட்டலாக மாறினால் அரசு வழக்கறிஞரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். பணத் தேவை இருக்குமானால், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டைக் கேட்க அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வழி இருக்கிறது. வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

விசாரணை நாளுக்கு முன் மகளை ஒருமுறை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். நீதிபதி எங்கே அமர்வார், கூண்டு எது, கறுப்பு அங்கிக்காரர்கள் யார் யார் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அது தவறில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் தவறு. ‘அம்மா சொல்லித் தந்தார்களா?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், அவர் உள்ளபடி ‘இல்லை’ என்று காட்டும்படியாக இருக்க வேண்டும். நீதிபதி தொடக்கத்தில் அவர் பெயர், வயது, உண்மைக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு போன்ற சில எளிய கேள்விகளைக் கேட்பார். தகுதியைச் சோதிப்பதற்கான வழக்கமான கேள்விகள் அவை. தன்னை நம்பவில்லை என்று அவர் எண்ணிக்கொள்ளாதபடி முன்பே விளக்கிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், பதிவு மையம், புதிய முதல் விசாரணை, தலையாட்டல் பற்றிய அந்த வரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே மனுவாக, சம்மனில் உள்ள தேதிக்குப் பத்து நாள்களுக்கு முன்பாவது அரசு வழக்கறிஞர் வழியே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கே போய்க் கேட்டால், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி வாய்தா போடுவார்கள். அல்லது, அதைவிட மோசமாக, ‘அம்மாதான் இருக்கிறார்களே’ என்பார்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் சாட்சியத்தை முதலில் பதிவு செய்துவிடும்படி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் முறை முடிந்துவிட்டால், மகள் சாட்சி சொல்லும்போது ஆதரவுக்காக நீங்கள் உள்ளே இருக்க நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தால் அவருடைய கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். கைகளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏதாவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினாலும் அவற்றைத் தூக்காதீர்கள்.